மருந்து சாப்பிட்டதும் நோய் கூடுமா?

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு கண்ணாடிக் குடுவை, அதன் வாயை இறுக மூடும் ரப்பர் அடைப்பான், அடைப்பானின் துளையில் செருகிய மெல்லிய கண்ணாடிக் குழாய் ஆகியவை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கும். குடுவை நிறையச் சிவப்பு மை கலந்த தண்ணீரை ஊற்றி அடைத்தால், தண்ணீர் குழாயில் கொஞ்ச தூரம் ஏறி நிற்கும். நின்ற இடத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். பிறகு குடுவையை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிவிட்டுக் குழாயையே பாருங்கள்.

சூடுபட்டால் தண்ணீர் விரியும், ஆகவே மட்டம் ஏறும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? ஆனால் முதலில் மட்டம் நூலுக்குக் கீழே இறங்கும்! சில விநாடிகள் சென்ற பிறகே திரும்பி ஏறத் தொடங்கும். நூலைத் தாண்டி மேலே மேலே போகும்.

காரணம் எளியது. வெந்நீரின் சூடு முதலில் கண்ணாடியைத்தான் அடைகிறது. கண்ணாடி விரிகிறது, குடுவையின் கொள்ளளவு கூடுகிறது, உள்ளே இன்னும் சூடேறாத தண்ணீர் கீழே இறங்குகிறது. பிறகு சூடு தண்ணீரை எட்டுகிறது. தண்ணீர் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரிவதால் மட்டம் ஏறுகிறது. பாதரச வெப்பமானியை வெந்நீரில் வைத்தாலும், கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இதே சறுக்கல் தெரியும். பாதரசம் கண்ணாடியைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு விரியும் பொருள். அதுவே முதல் கணத்தில் இறங்கிவிட்டுத்தான் ஏறுகிறது.

மூன்றாவது விநாடியில் குடுவையை வெளியே எடுத்துவிட்ட ஒருவர் தம் குறிப்பேட்டில் என்ன எழுதுவார்? ‘சூடாக்கினால் தண்ணீர் சுருங்கும்’ என்று எழுதுவார். அவர் பார்த்தது பொய்யல்ல. முடிவுதான் தவறு.

இந்தச் சோதனையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் செய்து காட்டி வருகிறேன். அது ஒரு நோயாளிக்குப் பயன்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரகடத்திலிருந்து வந்தவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் வரை போகும் சாலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் உருவாகிற வட்டாரம் அது. விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து ஒரு ஷிஃப்ட்டை இறக்கிவிட்டு இன்னொரு ஷிஃப்ட்டை ஏற்றிக்கொண்டு போகும். வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருப்பார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவரும் அப்படி ஓர் அறையில்தான் இருந்தார்.

அவருக்குக் கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி. வலி இல்லை. மாலையில் இலேசான காய்ச்சல், கொஞ்சம் எடைக் குறைவு. அரசு மருத்துவமனையில் கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்க் கணுவில் காசநோய் என்று தெரிந்தது. காசநோய் என்றால் இருமலும் நுரையீரலும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கிருமி உடலின் வேறு இடங்களிலும் குடியேறும். கழுத்தில் வருவதை நம் ஊரில் கண்டமாலை என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நுரையீரலில் நோய் இல்லாதவரை, கழுத்துக் கட்டி மட்டும் உள்ளவரிடமிருந்து இருமல் வழியாக அது பிறருக்குப் பரவுவதில்லை. அறைத் தோழர்கள் இதை அறிந்திருந்தால் அவருடைய பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தவை. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும், வியர்வையிலும் கண்ணீரிலும்கூட அந்த நிறம் தெரியலாம். அது தீங்கற்றது என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை. முதல் மாதம் காய்ச்சல் நின்றது. கட்டி சிறுத்தது. வேலைக்கும் போய்வந்தார்.

ஒன்பதாவது வாரம் கட்டி மறுபடி பெருத்தது. பழைய அளவையும் தாண்டியது. அதற்குக் கீழே புதிதாக இன்னொன்று முளைத்தது. மாலைக் காய்ச்சல் திரும்பி வந்தது. அறைத் தோழர் ஒருவர், “மாத்திரை உனக்கு ஒத்துக்கலடா, கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு” என்றிருக்கிறார். இவரும் நிறுத்திவிட்டார். ஐந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலரை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“சார், மருந்து சாப்பிட்டா குறையணும். எனக்குக் கூடுது. அப்ப மருந்து தப்புதானே?”

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியின் வடிவம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. “குடுவைச் சோதனை ஞாபகம் இருக்காப்பா?” என்று கேட்டேன். இருந்தது. “மூணாவது விநாடியில எடுத்துட்டியோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குக் காலையில ரெண்டு பேருமா போவோம்.”

செத்த கிருமியும் சும்மா இராது

மருத்துவர் திட்டவில்லை. மாத்திரையை எத்தனை நாள் விட்டாய், அதற்கு முன் ஒழுங்காகச் சாப்பிட்டாயா, வேறு எங்கேனும் வலி உண்டா, கண் மஞ்சளானதா என்று கேட்டார். பிறகு எங்கள் இருவருக்குமாக விளக்கினார். அதை என் சொற்களில் தருகிறேன்.

காசநோய்க் கிருமி உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலை மெல்ல மெல்ல மந்தப்படுத்திவிடுகிறது. மருந்து கிருமிகளைக் கொல்லத் தொடங்கியதும் அந்த அழுத்தம் நீங்குகிறது. மந்தமாயிருந்த வெள்ளணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கட்டிக்குள்ளோ செத்த கிருமிகளின் உடைந்த துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. செத்ததா உயிருள்ளதா என்று வெள்ளணுக்கள் விசாரிப்பதில்லை. கிருமியின் புரதம் கண்ணில் பட்டால் போதும், படையெடுத்து வருகின்றன. அவை வந்து சேர்வதால் ஏற்படுவதே அந்த வீக்கம். அவை விடும் செய்திப் பொருள்கள்தாம் காய்ச்சலை எழுப்புகின்றன. கழுத்துக் கணுக் காசநோயில் ஐந்தில் ஒருவருக்குக்கூட, சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிடும்போதே, இப்படி நேர்வதுண்டு. இதை மருத்துவர்கள் முரண் எதிர்விளைவு என்கிறார்கள்.

உயிரற்ற புரதம் மட்டுமே வீக்கத்தை உண்டாக்குமா என்ற ஐயம் வரலாம். உண்டாக்கும் என்பதற்குச் சான்று மாண்டு சோதனை. காசநோய்க் கிருமியின் புரதத்தை, ஒரு கிருமிகூட இல்லாமல் பிரித்தெடுத்து, முன்கையின் தோலுக்குள் துளியளவு செலுத்துவார்கள். முன்பு அந்தக் கிருமியைச் சந்தித்த உடலாக இருந்தால், 48 முதல் 72 மணி நேரத்தில் அந்த இடம் தடித்து வீங்கும். 1968-ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில் ஊர் ஊராக இந்த ஊசிதான் போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பாட்டி தாத்தாக்களில் சிலருக்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நோய் கூடுவதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. இதற்கு ஒரு பெரிய மேதையின் தவறே பாடமாக இருக்கிறது. காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டுபிடித்தவர் ராபர்ட் கோக். 1890-இல் அவர் காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக அறிவித்தார். அதுதான் டியூபர்குலின், அதாவது கிருமியிலிருந்து எடுத்த சாறு. ஊசி போட்டதும் நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சல் அடித்தது, நோயுற்ற இடங்கள் சிவந்து வீங்கின. மருந்து வேலை செய்கிறது என்று பலர் நம்பினார்கள். உலகெங்குமிருந்து நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் ஒரு மருத்துவர். அவரும் அந்த நவம்பரில் பெர்லினுக்கே போய்ப் பார்த்தார். இந்தச் சாறு கிருமியைக் கொல்லவில்லையே என்று எச்சரித்து எழுதினார். 1891 தொடக்கத்தில் ருடால்ஃப் விர்ஷோ, ஊசி போட்டும் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்த முடிவுகளை வெளியிட்டார். நோய் ஆறவில்லை என்பது வெளிப்பட்டது. ‘உள்ளே இருப்பது வெளியே வருகிறது, கூடினால்தான் குணமாகும்’ என்று யாராவது சொன்னால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். முரண் எதிர்விளைவே வராமல் குணமாகிறவர்கள்தாம் பெரும்பாலோர்.

அப்படியானால் எந்த வீக்கம் எது என்று எப்படி அறிவது? கட்டி பெருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருக்கலாம். நோயே வேறாக இருக்கலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமலும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் மறுபடியும் ஊசியால் சிறிது சீழ் எடுத்து அனுப்பினார். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் சிபிநாட் என்ற கருவி இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லிவிடும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்பதையும் காட்டும். ஆனால் செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அது கண்டுகொள்ளும். கிருமி உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதை வளர்த்துப் பார்ப்பதுதான். காசநோய்க் கிருமி சோம்பேறி, ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எனவே ‘வளரவில்லை’ என்று உறுதியாகச் சொல்ல ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆறு வாரமும் மாத்திரையைத் தொடரச் சொன்னார். விட்டுப்போன ஐந்து நாள்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மணிக் கணக்கிலும் மாதக் கணக்கிலும்

இந்தச் சறுக்கல் காசநோய்க்கு மட்டும் உரியதல்ல. வேகம் மட்டும் நோய்க்கு நோய் மாறும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் உள்ள கீறல் வழியாக நுழையும் சுருள் வடிவப் பாக்டீரியா அது. பெனிசிலின் போன்ற மருந்தின் முதல் வேளை உள்ளே போன சில மணி நேரத்தில், சிலருக்கு உடல் தூக்கிப் போடுகிற குளிர் நடுக்கம் வரும். காய்ச்சல் ஏறும், தலை வெடிப்பதுபோல வலிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் லைம் என்ற ஊரின் பெயரைப் பெற்ற உண்ணிக் காய்ச்சல் ஒன்று உண்டு. அதன் கிருமியும் இதே சுருள் குடும்பம்தான். அந்த நோயாளிகளிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மருந்து தொடங்கிய முதல் நாளில் இப்படி நேர்கிறது. கிருமிகள் கூட்டமாக மடிந்து சிதறும்போது அவற்றின் மேலுறைத் துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் சைட்டோகைன் என்னும் செய்திப் பொருள்களை ஒரேயடியாக அள்ளி வீசுகிறது. 1996-இல் வெளியான எத்தியோப்பிய ஆய்வு ஒன்றில், பேன் மூலம் பரவும் மீள்காய்ச்சல் நோயாளிகளுக்கு அத்தகைய செய்திப் பொருள் ஒன்றை முன்கூட்டியே தடுக்கும் ஊசி போட்டார்கள். நடுக்கம் வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆக, காய்ச்சலை மூட்டுவது நம் உடலின் பதில்தான் என்பது தெளிவாயிற்று.

இதற்கு யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு என்று பெயர். மேகநோய்க்கு மருந்து கொடுத்ததும் தோல் தடிப்புகள் சிவந்து பெருகுவதை ஆஸ்திரியாவின் அடால்ஃப் யாரிஷ் 1895-இலும் ஜெர்மனியின் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் 1902-இலும் எழுதினார்கள். அன்று மேகநோய்க்குக் கொடுத்த மருந்து எது தெரியுமா? நம் வெப்பமானியில் இருக்கும் அதே பாதரசம்! (யூதரான ஹெர்க்ஸ்ஹைமர், 1942-இல், முதிய வயதில், நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிரிழந்தார்.)

மாதக் கணக்கில் வரும் எதிர்விளைவைக் காண ஒரகடத்திலிருந்து தெற்கே செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். அங்கே திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோயாளர்களுக்காக ஒரு குடியிருப்பு ஏற்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க்கு இன்று நல்ல கூட்டு மருந்து உண்டு. ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தரும் முறையை 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்த மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிலருக்குப் பழைய தேமல்கள் சிவந்து தடிக்கும், நரம்புகள் வீங்கி வலிக்கும். கழுத்துக் கட்டி பெருத்தால் தழும்போடு போகலாம். நரம்பு வீங்கினால் சில வாரங்களிலேயே விரல்கள் மடங்கிப் போகக்கூடும், பாதம் தொய்ந்து போகக்கூடும். இங்கே ‘தானாக அடங்கும்’ என்று காத்திருப்பது பெருந்தவறு. உடனே மருத்துவரிடம் போனால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து எதிர்ப்புப் படையை மட்டும் தணிப்பார். கிருமியைக் கொல்லும் மருந்தும் கூடவே நடக்கும். ஒரு கையால் அடுப்பை எரியவிட்டு மறு கையால் பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பதைப் போன்றது இது. எவ்வளவு தெளிப்பது என்பது அவருக்குத்தான் தெரியும். கடையில் நாமே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கினால் மறைந்திருக்கும் காசநோய் கிளம்பி வரலாம்.

என் குடுவை உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குடுவையில் மட்டம் கட்டாயம் ஏறும், கண்ணாடிக்கு ஒரு கேடும் வராது. உடலுக்கு அந்த உறுதி இல்லை.

அந்த நாள்களைக் கடப்பது எப்படி?

வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஏராளம். மருந்து தொடங்கும் நாளிலேயே, “இதனால் முதலில் ஏதாவது கூடுமா, எத்தனை நாள்?” என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பே தெரிந்த நடுக்கம் பாதி நடுக்கம். காய்ச்சலை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். ‘ராத்திரி முழுக்க நெருப்பாக் கொதிச்சுது’ என்பதைவிட, ‘இரவு 9 மணிக்கு 103, விடியற்காலை 5 மணிக்கு 100’ என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும். கஞ்சி, மோர், கொதித்து ஆறிய தண்ணீர் என்று நீர் குறையாமல் கொடுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். போர்வைக்கு மேல் போர்வை போட்டு வியர்க்க வைக்க வேண்டியதில்லை. கட்டியைப் பிழிவது, சுடுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமானது, எதிர்விளைவுபோலத் தோன்றும் வேறு ஆபத்துகள். மருந்து சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரித்து, உதடோ முகமோ வீங்கி, மூச்சுத் திணறினால் அது ஒவ்வாமை. காசநோய் மருந்து சாப்பிடுபவருக்குக் கண் மஞ்சளாகி, பசியே இல்லாமல் ஓயாது வாந்தி வந்தால் அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். பார்வை மங்கினாலும் நிறங்கள் மாறித் தெரிந்தாலும் எத்தாம்புட்டால் என்ற மருந்து காரணமாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல், அந்தப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலிக்காய்ச்சல்காரர் குழம்பிப் பேசினாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும் நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். மற்றபடி வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரையை நாமே நிறுத்துவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. பாதி மருந்தில் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்கே அடங்காதவையாக மாற இடம் கொடுத்துவிடுகிறோம்.

நம் ஒரகடத்து நண்பருக்கு மருத்துவர் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் கட்டியை அளக்க வேண்டும். அவர் இயற்பியல் மாணவர் அல்லவா? கட்டியின் குறுக்கே ஒரு நூலை வைத்து, அந்த நூலை அளவுகோலில் வைத்து மில்லிமீட்டரில் எழுதினார். நூலையும் வெட்டி நாட்குறிப்பில் ஒட்டினார். ஒன்பதாவது வாரம் 41, பத்தாவது வாரம் 44. பதினொன்றிலும் அதே 44. அந்த வாரம் தொலைபேசியில் அவர் குரலே சரியில்லை. பன்னிரண்டாவது வாரம் 40. ஆறு வாரம் கழித்து வந்த முடிவில் கிருமி எதுவும் வளரவில்லை. பழைய சிபிநாட் முடிவும் மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றே சொல்லியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்தே எனக்குத் தொலைபேசி செய்து இதைச் சொன்னார்.

மருந்து முடிந்த மாதம் அந்த நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே போன நூல் துண்டுகள். கடைசி நூல் ஒரு நெல் மணி நீளம்கூட இல்லை. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒட்டியிருந்தார்.